பயில்வானின் விரல் நுனிகள்

ஒரு பலசாலிக்கு உடம்பில் எந்த இடம் வலிக்கும் என்பதை, அவரோடு மோதப்போகிறவரிடம் போய்ச் சொன்னவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தெரிந்துதான் சொன்னேன். அந்தப் பலசாலி தோற்றார். தோற்றதுகூடப் பெரிதில்லை. காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றார் என்று ஊர் பேசியது. தோற்றவரைத் தவிர, அப்படி இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஜெயித்தவர் ஒருவர், நான் ஒருவன். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இத்தனை வயதுக்கு மேல் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு ஜப்பான் கார்ட்டூன். என் வயதுக்காரர்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

பேரன் ஏழாம் வகுப்பு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் கட்டிலில் ஏறி, என் தோளில் சாய்ந்துகொண்டு, என் போனையே பிடுங்கி அதில் பார்ப்பான். "கார்ட்டூன்னு சொல்லாத தாத்தா, அனிமே" என்று திருத்துவான். தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். நானும் பார்த்தேன். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை?

அதில் ஒரு மல்லன் வருகிறான். அவனுக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை முடிந்ததும் தோள். ஒரு குத்து விட்டால் மலை பிளக்கும். எனக்கு வேடிக்கையாக இருந்தது என்னவென்றால், இந்தப் பையன்கள் அவன் பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனுக்கு எங்கே வீக் என்பதுதான் பேச்செல்லாம். மொட்டை மாடியில் நான்கைந்து பேர் கூடினால் அடிதடி வரைக்கும் போகும்.

"ஃபுல் பவர்ல அடிச்சா அவன் கையே மரத்துப் போய்டும்டா. அதான் வீக்னஸ்."

"போடா. கொழந்த அழுதா சண்டைய நிறுத்திடுவான். அதுதான் பெரிய வீக்னஸ்."

"அது வீக்னஸ் இல்லடா, நல்ல கொணம்."

"சண்டையில நல்ல கொணமும் வீக்னஸ்தான்டா, லூசு."

கடைசியாகச் சொன்னவன் பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பொடியன். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்த நான் கொடியில் துணி எடுப்பதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பேரனுடைய கட்சி வேறு. மல்லனுக்கு வலது முழங்கால் பழைய காயம் என்பான். அதன் மேல் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கிறது. அதைக் கட்டிவிடுகிற ஊமைப் பெண் ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். மற்றப் பையன்கள் பேரனை நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னதே நடந்தது. எதிரி வந்தான். மல்லனுடைய முகத்தையோ மார்பையோ ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக முழங்காலிலேயே உதைத்தான். அவ்வளவு பெரிய உடம்பு மண்டி போட்டது. பேரன் கட்டிலின் மேல் எழுந்து நின்று கத்தினான்.

"பாத்தியா தாத்தா! நான் சொன்னேன் இல்ல! ஆனா இவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க!"

"யாரு?"

"அடுத்த சீசன்லதான் காட்டுவாங்க. தாத்தா, அந்தத் துரோகிக்கு இன்னா தண்டன குடுக்கலாம்? நீ சொல்லு."

தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

எங்கள் வீடு அப்போது ஆம்பூரில். அப்பா தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேஸ்திரி. அந்த டேனரியின் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர்தான் பயில்வான். தோலில் இருக்கிற ரோமம் கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். ஊறிய எருமைத் தோல் ஒன்றைக் குழியிலிருந்து இழுக்க மற்றவர்கள் இரண்டு பேர் சேர்வார்கள். இவர் ஒருவரே இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போவார். தோலிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, அவர் போன வழியெல்லாம் கோலம் போட்டதுபோல இருக்கும். அந்த நாற்றம் உங்களில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது இல்லாவிட்டால்தான் இன்றைக்கு வேலை இல்லையோ என்று பயம் வரும்.

வேலை முடிந்தால் அவர் தாலீமுக்குப் போய்விடுவார். குஸ்தி பழகும் இடத்துக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். அதற்குப் பின்னால் ஒரே அறையில் தனியாகக் குடியிருந்தார். ஊரில் சொந்தம் யாரும் இல்லை. அப்பா சொல்லி அம்மா அவருக்கும் சேர்த்துச் சமைப்பாள். நான் எவர்சில்வர் அடுக்குக் கேரியரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூன்றாவது அடுக்கின் மூடியில் ஒரு நெளிசல் இருக்கும். நடக்கும்போது அது டக்கு டக்கென்று அடித்துக்கொள்ளும்.

கேரியரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். ஏன் சாத்துகிறார் என்று ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் ஒரு பொந்து இருந்தது. அதிலிருந்து ஒரு அலுமினிய ஸ்பூனை எடுத்தார். அவ்வளவு பெரிய ஆள், சின்னக் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, ஸ்பூனால் ரசம்சோற்றை எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார்.

"உள்ள வா" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் தோலே இல்லை. ரேகை தேய்ந்து, புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சு மாதிரி சிவப்பாக, அங்கங்கே பொத்தலாக இருந்தன.

"சுண்ணாம்புடா. மாட்டுத் தோலு, மனுசத் தோலுன்னு அதுக்குப் பேதம் தெரியுமா? சோத்துல கை வெச்சா, உப்பு பட்டு உசுரு போவுது."

"வலிக்கிறது மத்தவங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"குழியில எறங்குற எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். எனக்கு ஜாஸ்தி. யார்கிட்டயும் சொல்லாத. பயில்வான் ஸ்பூன்ல துன்றான்னு சிரிப்பானுங்க."

சொல்ல மாட்டேன் என்று அவர் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். தலை எட்டவில்லை. அவர் குனிந்து கொடுத்தார்.

காணும் பொங்கலன்று பாலாற்று மணலில் குஸ்தி நடக்கும். அந்த வருடம் டேனரி முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பயில்வான் ஜெயித்தால் குழி வேலையிலிருந்து எடுத்து கேட்டில் வாட்ச்மேனாகப் போடுவதாக. அப்பா வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். "பாவம், கை காயட்டும்" என்றாள் அம்மா. இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். ஜெயித்தால் அவர் விரல்கள் ஆறும் என்பது எனக்குத் தெரியும்.

எதிராக இறங்கப்போகிறவர் பச்சைத் தோல் மண்டியில் வேலை செய்தவர். தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள் இல்லையா, அந்த வேலை. புருவத்தில், காது மடலில், எங்கே பார்த்தாலும் உப்புப் பூத்திருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கலகலப்பானவர். டைனமோ விளக்கு வைத்த சைக்கிள் வைத்திருந்தார். என்னை முன்பாரில் உட்கார வைத்து ஆற்றுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். பெல்லை நானே அடித்துக்கொள்ளலாம்.

"இன்னா தோஸ்து, நீதான பயில்வானுக்குச் சோறு கொண்டு போறது? உனக்குத் தெரியாதது இருக்குமா? அவனுக்கு எங்கடா நோவு?"

அதுவரை ஒரு பெரிய ஆள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எல்லாரும் சொல்வார்கள், நான் கேட்டுக்கொள்வேன். இவர் கேட்கிறார், பதில் என்னிடம் இருக்கிறது. அந்த ருசிக்காகத்தான் சொன்னேன். வேறு காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

"வெரலு" என்றேன். "உப்பு பட்டா தாங்காது."

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "அவ்ளோதானா?"

காணும் பொங்கலன்று கூட்டம் தாங்கவில்லை. கரும்பு மென்று துப்பின சக்கை காலில் ஒட்டியது. செம்மண் கொட்டி எண்ணெய் விட்டுக் குழைத்த களம் ஈரமாக இருந்தது. நான் கூட்டத்தில் நுழைந்து முன்னால் போகும்போது, ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் மண்டிக்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு கிண்ணம். அதில் உப்பைக் கரைத்துக் கூழ்போல வைத்திருந்தார். அதை இடுப்பைச் சுற்றி, லங்கோட்டின் மடிப்புக்குள்ளெல்லாம் பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தார். அப்போதாவது நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் திரும்பிச் சிரித்தேன்.

பயில்வானுடைய பிடி ஊருக்கே தெரியும். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி விரல்களைக் கோத்துவிட்டால் அது திறந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றும் கோத்தார். கூட்டம் எழுந்துவிட்டது. அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் பயில்வானுடைய முகம் மாறியது. உதட்டைக் கடித்தார். கோத்த விரல்கள் தாமாகவே திறந்தன. மண்டிக்காரர் திரும்பினார், தூக்கினார், போட்டார். முதுகு மண்ணில் பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது.

பின்வரிசையிலிருந்து யாரோ "காசு!" என்றார்கள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். பயில்வான் எழுந்து நின்று விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார், புரிந்துவிட்டது என்று நினைத்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"கைய அவனே தொறந்தான். என் கண்ணால பாத்தேன்" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா நியாயமான மனிதர். நியாயமானவர்கள் கண்ணால் பார்த்ததை நம்புவார்கள். அடுத்த நாள் அம்மா கேரியர் கட்டவில்லை. கேட் வேலை போயிற்று. அந்த வாரமே பயில்வான் ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கள் கேரியர் அவர் அறையிலேயே தங்கிவிட்டது. அப்பா போய்க் கேட்கவில்லை. பூட்டின கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு நான் திரும்பினேன்.

முதலில் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து சொல்லவில்லை. அப்புறம் வெட்கம். அப்புறம் இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற சோம்பேறித்தனம். நான் வேலூரில் வேதியியல் வாத்தியாரானேன். வருடா வருடம் சுண்ணாம்பு தோலை அரிக்கும் என்று கரும்பலகையில் எழுதுவேன். அந்தப் பாடத்தை மட்டும் வேகமாக முடித்துவிடுவேன்.

குழாயடியில் நின்ற அன்று சாயங்காலமே பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப நீதான் அந்த ஆளா?"

"ஆமா."

"அவரு உயிரோட இருக்காரா?"

"தெரியலப்பா."

"தெரியலையா? தேடவே இல்லியா நீ?"

அடுத்த சனிக்கிழமை இருவரும் ஆம்பூருக்குப் பஸ் ஏறினோம். தாலீம் இருந்த இடத்தில் இப்போது ஷூ கம்பெனியின் குடோன். எதிரே டீக்கடையில் ஒரு பெரியவர், "அவரா? அமிர்தி பக்கம் காட்டிலாகாவுல மானுக்குத் தழ வெட்டிப் போட்டுனு இருந்தாரு. அங்கியேதான் ஊடு" என்றார். மண்டிக்காரர் செத்து வெகுநாள் ஆகிறது என்றும் சொன்னார். பயில்வான் இருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பேரன் கூட இல்லாவிட்டால் அப்படியே திரும்பியிருப்பேன்.

அன்றைக்கே அங்கும் பஸ் பிடித்தோம். அமிர்தி சாலையில் ஓட்டு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சதை வற்றிப் போயிருந்தாலும் அந்தத் தோள் அப்படியே இருந்தது.

"யாருப்பா?"

"ஆம்பூரு அண்ணே. மேஸ்திரி பையன்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சோறு கொண்டாருவியே, அந்தப் பொடியனா? இன்னாடா, கெழவனாயிட்ட!"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பேரன் முந்திக்கொண்டான். "தாத்தா, நீங்க பெரிய ஃபைட்டராமே. இப்போ உங்க வீக்னஸ் இன்னா?"

"அடி செருப்பால!" என்று பேரனை அதட்டிவிட்டு என் தலையில் கைவைத்தேன். பயில்வான் யோசித்துப் பார்த்துப் பதில் சொன்னார்.

"படிக்கட்டு. சக்கரை. அப்பறம் எங்க மச்சான்."

"மச்சானா?"

"உள்ள கீறாளே என் பொஞ்சாதி, இவளுக்கு அண்ணன். சோளிங்கர்ல கீறான். இவ கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். காசு வாங்கினு தோத்தவன் ஊட்டுல கை நனைக்க மாட்டேன்னு கல்யாணத்துலயே எழுந்து போய்ட்டான். இன்னி வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கல. இவதான் தனியா போய்ப் பாத்துட்டு வந்து ஒரு நாளு முழுக்க அழுவா. நான் இன்னா சொல்றது?"

கீழே படியில் உட்கார்ந்து, சைக்கிளில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர், "உப்பு தெரியும்டா. நாக்குல வெச்சிப் பாத்தனே" என்றார். "மண்டியில வேல செய்றவன் ஒடம்புல உப்பு இல்லாம சக்கரையா இருக்கும்?"

"இல்லண்ணே. அது ஒடம்புல இருந்த உப்பு இல்ல. வேணும்னே பூசினாரு. இடுப்பு சுத்தி, கூழ் மாதிரி கரைச்சு. நான் பாத்தேன்."

"பூசினானா?"

"ஆமாண்ணே."

நாற்காலியின் கைகளை ஊன்றி மெதுவாக எழுந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பேரன் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். அவர் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

"ஏய்! இங்க வா! நான் தோக்கலடி!"

பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "அவன் தெனமும் மேல ஒட்டினு திரியிற உப்ப என்னால ஒரு நொடி தாங்க முடியலியேன்னு இத்தன வருசம் நெனச்சினு இருந்தேன்டா. ஊரு சொல்றது பொய்யின்னு தெரியும். ஆனா நம்மகிட்ட தெம்பு அவ்ளோதான்னு நானே நம்பிட்டேன்."

"அன்னிக்கு நீங்க என்னப் பாத்தீங்களே அண்ணே. தெரிஞ்சிடுச்சின்னுதான்…"

"உன்னையா? உங்கப்பாவப் பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கினாரு."

அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல இவகிட்ட சொல்லு."

அண்ணி வந்து நின்றார். காதில் கை வைத்து, "இன்னா சொல்றாரு?" என்றார்.

"கொஞ்சம் காது கம்மி. சத்தமா சொல்லு" என்றார் பயில்வான்.

"அண்ணி, அவரு காசு வாங்கலே!"

"யாரு காசு வாங்கினது? நீயா?"

"இல்ல அண்ணி! யாருமே வாங்கல! நான்தான் அவரு வெரல் வலிய எதிரிகிட்ட போட்டுக் குடுத்தேன்! அந்த ஆளு ஒடம்புல உப்பு பூசிக்கிட்டாரு!"

"உப்பா?"

வாழ்நாள் முழுக்க யாரிடமும் முணுமுணுக்கக்கூட முடியாததைத் தொண்டை கிழிய மூன்று முறை கத்தினேன். எதிர் வீட்டில் கதவு திறந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி, "இன்னா ஆயா பேஜாரு?" என்று கேட்டாள். அவளுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. வெட்கப்பட நேரமே இல்லை. அண்ணிக்கு முழுவதும் புரிந்ததும் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பேரனிடம் நீட்டினார்.

"எங்கண்ணனுக்குப் போடு. சத்தமா வெய்யி."

நான்காவது மணியில் ஒரு கிழட்டுக் குரல் எடுத்தது. எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"நீ யாரு?"

"ரிட்டயர்டு வாத்தியாருங்க."

"சத்தியமா சொல்றியா?"

"சத்தியமாங்க."

"இத்தன வருசம் ஏன்யா சொல்லல?"

"பயம்ங்க."

போனில் இருமல் கேட்டது. பிறகு, "மாப்ள பக்கத்துல இருக்காரா?" என்றார்.

பேரன் போனைப் பயில்வானிடம் கொடுத்தான். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக் காதில் வைத்தார். தோள் குலுங்கியது.

"மச்சான்…" என்றார் கடைசியில். "சாப்ட்டியா?"

"இல்ல. அங்க வந்து சாப்பிடுறேன். எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

அண்ணி இதற்குள் அடுப்படிக்குத் திரும்பியிருந்தார். நாங்கள் கிளம்பலாம் என்று நான் எழுந்ததைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"எங்க கெளம்பற? எங்கண்ணன் வந்ததும் நேர்ல இன்னொரு தபா சொல்லணும். ஒக்காரு."

உட்கார்ந்தேன். பேரன் பக்கத்தில் உட்கார்ந்தான்.